பெரியகரண்டியின் பதினொன்றாம் அத்தியாயம்

ஜனவரி 6

அன்பு மருமகளுக்கு,

உன் மாமா எழுதுவது. நான் சுகம், உன் அத்தை சுகம், அவள் தையல் மெஷினும் சுகம். என் முழங்கால் மட்டும் வானொலிக்கு ஒரு நாள் முன்னதாகவே மழையை அறிவித்துவிடுகிறது. வானிலை நிலையத்தில் இருந்து இந்த முழங்காலைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நீ அனுப்பிய முதல் நாலு அத்தியாயமும் இரண்டு சனிக்கிழமைகளில் முடிந்தது. நூலகத்துப் பிள்ளைகள் அறையில் எள் போட இடமில்லை. எழுபது பேர் இருக்கும். நாற்காலி போதாமல் நூலகர் அம்மா தடித்தடியான அகராதிகளை அடுக்கி அதன்மேல் உட்கார வைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஆறேழு தலை. "சார், தீயணைப்பு விதிப்படி இவ்வளவு பேரை விடக்கூடாது" என்று அந்த அம்மா கெஞ்சினார்கள். "அம்மா, நான் இங்க பத்த வைக்கிறது வேற நெருப்பு" என்றேன். இன்னும் இரண்டு அகராதியை எடுத்துவந்து போட்டார்கள்.

பாலம் கட்டுகிற கூடாரத்தில் தண்ணீர் சுமக்கும் அந்தப் பெண்ணைப் பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பெரியகரண்டி வந்தால்தான் அறை நிமிர்ந்து உட்காருகிறது. இருநூறு கொத்தனார்களுக்குச் சமைக்கிறவள், துடுப்பு நீளக் கரண்டியை வைத்துக்கொண்டு மேஸ்திரியையே மிரட்டுகிறவள் என்றால் சும்மாவா? அந்தக் கழுதை அடுப்பில் முகத்தை விட்ட இடத்தில் ஒரு பெண் பிள்ளை சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

வழக்கம்போலப் பிள்ளைகள் நெளிந்த இடங்களில் பென்சில் கோடு போட்டிருக்கிறேன். இரண்டாம் அத்தியாயத்தில் மூன்று கோடு, நாலாம் அத்தியாயத்தில் ஒன்பது. ஆற்றை வர்ணிக்கிறாயே, அந்தப் பத்தியில் வாக்கியம் ஆற்றைவிட நீளமாகப் போகிறது. பிள்ளைகள் கொட்டாவி விட்டதில் நூலகத்து விளக்கே ஆடியது.

இன்னொரு விஷயம். வானொலியில் உன் பேட்டி கேட்டோம். "வரலாற்று ஆசை எங்கிருந்து வந்தது?" என்று அந்த ஆள் கேட்டதற்கு, "ஆவணக் காப்பகத்தில் இருந்து" என்று சொன்னாய். சரி. நல்லது. நாற்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி, பணிமனையில் இருந்து பள்ளி வாசல் வரை தினம் ஒரு கதை சொன்னவன் ஒருவன் இருந்தான். இடது பக்கம் மூன்றாவது இருக்கையில் வாயைப் பிளந்து கேட்டவள் ஒருத்தி இருந்தாள். அவர்கள் யாரோ, எவரோ. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அத்தைதான் வானொலிப் பெட்டியைப் படக்கென்று அணைத்தாள். நான் இல்லை.

உன் மாமா

ஜனவரி 13

அன்புள்ள மாமா,

வானொலிப் பெட்டியை அணைத்தது நீங்கள் என்று அத்தை தனிச் சீட்டில் எழுதி உறைக்குள் வைத்திருந்தாள். பேருந்து ஓட்டியது முப்பத்தொரு வருஷம் என்றும் அதில் இருந்தது.

பேட்டியில் உங்களைப் பற்றிச் சொன்னேன் மாமா. பன்னிரண்டு நிமிஷம் சொன்னேன். அவர்கள் வெட்டி எறிந்துவிட்டார்கள். பள்ளி வாசல் வந்ததும் பிரேக் போட்டு, கதையையும் அந்தரத்தில் நிறுத்தி, "மிச்சம் நாளைக்கு, இறங்குங்க இறங்குங்க" என்று விரட்டுவீர்களே, அதில் இருந்துதான் அத்தியாயம் முடிக்கக் கற்றுக்கொண்டேன் என்றும் சொன்னேன். இன்றும் ஒரு அத்தியாயத்தை எழுதி முடித்தால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்துப் பார்க்கிறேன். இருபத்தைந்து நிமிஷத்துக்கு மேல் போனால் வெட்டுகிறேன். பேருந்து அதற்குள் பள்ளிக்குப் போயிருக்கும் அல்லவா?

நாலாம் அத்தியாயத்தின் ஒன்பது கோடுகளையும் பார்த்தேன். ஆற்று வர்ணனையை எட்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். எட்டு நிமிஷத்தில் அடித்துவிட்டேன். பிள்ளைகள் நெளிந்தார்கள் என்றால் மேல்முறையீடு கிடையாது. பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டு மாலை வேளைகளில் எழுதிய முதல் புத்தகத்தை ஏழு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. நீங்கள் அதை நூலகத்துக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டிக் கோடு போட்டு அனுப்பிய பிறகுதான் எட்டாவது பதிப்பகம் எடுத்தது. இருபது வருஷம், பத்துப் புத்தகம். உங்கள் பென்சிலைத் தாண்டாமல் ஒரு பக்கமும் அச்சுக்குப் போனதில்லை. என் பதிப்பாசிரியர் உங்களை "மறைமுகத் தலைமை அலுவலகம்" என்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம். கழுதை எங்கிருந்து வந்தது? நான் கழுதை எதுவும் எழுதவில்லையே.

ஐந்தில் இருந்து பத்து வரை இத்துடன் அனுப்புகிறேன். பதினொன்றை இன்னும் மூன்று முறை எழுதிப் பார்க்க வேண்டும். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், பிள்ளைகளிடம் மூச்சு விடக்கூடாது. பதினொன்றில் வெள்ளம் வருகிறது. பெரியகரண்டி அதில் போய்விடுவாள். பாலக் கதையின் ஐந்தாவது, கடைசிப் புத்தகம் இது. மார்ச் கடைசியில் அச்சுக்குப் போயாக வேண்டும்.

போனில் ஏன் பேசக்கூடாது என்று நீங்கள் கேட்பதாகவும் அத்தை சீட்டில் எழுதியிருந்தாள். போனில் நீங்கள் பேசினால் எனக்கு "ஹலோ" சொல்லக்கூட இடம் கிடைப்பதில்லை. கடிதம்தான் சரி.

அன்புடன்,
மருமகள்

பிப்ரவரி 2

அன்பு மருமகளே,

கழுதை ஒரு கைப்பிழை. எழுதும்போது எதிர் வீட்டு வாசலில் ஏதோ கத்தியது. விடு.

ஐந்து முதல் பத்து வரை மூன்று சனிக்கிழமைகளில் அமோகமாக முடிந்தது. கூட்டம் நூற்றுப் பத்து. பக்கத்து அறையில் சட்டப் பரீட்சைக்குப் படிக்கும் பையன்கள் எழுந்து வந்து சுவரோரம் நின்றார்கள். கோடுகள் குறைவுதான். எட்டாம் அத்தியாயத்தில் மட்டும் வண்டி வண்டியாகப் போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஆனால் நான் எழுத வந்தது அதில்லை.

பெரியகரண்டியை ஏன் சாகடிக்கிறாய்? அவள் உனக்கு என்ன கெடுதல் செய்தாள்? உன் கடிதம் வந்த நாளில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதாவது இறங்கியது, ருசிக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் கதை சொன்னேன். இப்போது சரியான கணக்கைச் சொல்கிறேன், பார்த்தாயா? அந்தக் கதைகளில் போர் வந்தது, பூகம்பம் வந்தது, கப்பல் மூழ்கியது. ஒரு ஆள் சாகவில்லை. கப்பல் மூழ்கினால் திமிங்கிலம் தூக்கிக்கொண்டு வந்து கரையில் போடும். காலையில் எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில் இறங்குகிற பிள்ளை அழுதுகொண்டா இறங்கும்?

அவள் ஒரு மரத்தைப் பிடித்துத் தொங்கட்டுமே. ஒரு படகு வரட்டுமே. உனக்கு எழுத நேரமில்லை என்றால் நானே ஒரு படகு ஏற்பாடு செய்து தருகிறேன்.

அத்தையிடம் சொன்னேன். "அவ படிச்சவ, அவளுக்குத் தெரியும். நீங்க பல்லு விளக்கினதைச் சொன்னாக்கூட அதுல ஒரு புலி வரும். உங்க யோசனையை யார் கேட்டா?" என்கிறாள். இந்த வீட்டில் எனக்கு உள்ள மரியாதை இவ்வளவுதான்.

யோசித்துப் பார்.

மாமா

பிப்ரவரி 10

மாமா,

ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எனக்கு எழுதிய கடிதத்தை அப்படியே நகல் எடுத்து எழுதுகிறேன்.

"எழுத்தாளர் அத்தைக்கு வணக்கம். பேச்சுப் போட்டியில் எனக்கு உங்கள் நாலாவது பாலப் புத்தகம் பரிசாகக் கிடைத்தது. அதில் பக்கங்கள் குறைகின்றன. பெரியகரண்டி என்ஜினீயரை மாவுப் பீப்பாயில் ஒளித்து வைக்கிற இடம் இல்லை. கழுதை தந்தி கொண்டுவருகிற இடமும் இல்லை. போன வருஷம் நூலகத்தில் பஸ் தாத்தா முழுசாகச் சொன்னார். அதனால் எனக்குத் தெரியும். என் புத்தகத்தை அச்சடிக்கும்போது தவறு நடந்திருக்கிறது. முழுப் புத்தகம் ஒன்று அனுப்பவும். இந்தப் புத்தகத்தைத் திருப்பித் தர மாட்டேன். ஏனென்றால் இதில் உள்ள மழை அத்தியாயம் பஸ் தாத்தா சொன்னதில் இல்லை. நன்றி."

மாவுப் பீப்பாய் நான் எழுதியதில்லை. கழுதையும் இல்லை. நீங்கள் எனக்கு அனுப்பிய அறிக்கைகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். "பீப்பாய் உருண்ட இடத்தில் கைதட்டல்" என்று ஒன்றில் இருக்கிறது. அதைப் படித்தபோது ஏதோ மிகைப்படுத்துகிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே போயிருக்கிறேன்.

கேட்டுவிடுகிறேன். சனிக்கிழமைகளில் நீங்கள் படித்துக் காட்டுவது என் பக்கங்களையா, இல்லை உங்கள் கதையையா?

இது விளையாட்டு இல்லை மாமா. பிள்ளைகள் நெளிந்தார்கள் என்று நீங்கள் கோடு போட்ட இடமெல்லாம் வெட்டினேன். சிரித்தார்கள் என்று சொன்ன இடமெல்லாம் வைத்துக்கொண்டேன். இருபது வருஷம் அதை வேதவாக்காக வைத்து எழுதியவள் நான். அவர்கள் கேட்டதே என் வாக்கியங்களை இல்லை என்றால், நான் யாருக்கு எழுதிக்கொண்டிருந்தேன்? மார்ச் கடைசியில் இந்தப் புத்தகம் போகப்போகிறது. பதினொன்றாம் அத்தியாயம் தாங்குமா தாங்காதா என்று எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை என்று இப்போது தெரிகிறது.

நேராகப் பதில் எழுதுங்கள்.

மருமகள்

பிப்ரவரி 16

மருமகளுக்கு,

ஒரு பொடிப் பெண் சொன்னாள் என்று மாமனை விசாரணைக் கூண்டில் ஏற்றிவிட்டாய். பலே.

பிள்ளைகள் பத்துக் கதையைப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். வேறு எங்கோ கேட்ட பீப்பாயை என் தலையில் உருட்டுகிறாள். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினவள் வேறு. கேட்கவா வேண்டும்.

இருபது வருஷம் மழை வெயில் பார்க்காமல் சனிக்கிழமை சனிக்கிழமை நூலகத்துக்கு நடந்தவன் நான். என்மேல் நம்பிக்கை இல்லை என்றால் இனிமேல் எதுவும் அனுப்ப வேண்டாம். உன் ஊரிலும் நூலகம் இருக்கும். அங்கேயும் யாராவது ஓய்வு பெற்ற ஓட்டுநர் இருப்பார்.

மாமா

பிப்ரவரி 27

அன்பு மருமகளே,

நீ பதில் போடவில்லை. பதினோரு நாளாகத் தபால்காரர் நம் வாசலைத் தாண்டிப் போகிறார். நேற்று அவரை நிறுத்தி, பையை நன்றாகத் தேடச் சொன்னேன். "தேடிட்டேங்க, உங்க மூஞ்சியைப் பார்த்தா நானே ஒண்ணு எழுதிப் போட்டுடலாம்போல இருக்கு" என்றார்.

உன் அத்தை நாலு நாளாக என்னிடம் பேசுவதே ஒரு வார்த்தைதான். "எழுதுங்க." சாப்பிட உட்கார்ந்தால் "எழுதுங்க." செருப்பு மாட்டினால் "எழுதுங்க." அதனால் எழுதுகிறேன்.

நான் நாலாம் வகுப்பு வரைதான் போனேன் என்று உனக்குத் தெரியும். ஆசிரியர் அடித்ததால் நிறுத்தினேன் என்று சொல்லியிருப்பேன். ஆசிரியருக்கும் எனக்கும் நடந்த சண்டையை நாற்பது விதமாகச் சொல்லியிருப்பேன். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. படிப்பு ஏறவில்லை, அவ்வளவுதான். பேருந்துப் பலகை படிப்பேன், தெருப் பெயர் படிப்பேன். கடிதமும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கடிதம் என் வாயில் இருப்பது. மூன்று நாள் ஆகும், அத்தை பிழை திருத்துவாள், ஆனால் வந்துவிடும். அடுத்தவர் எழுதியதைப் படிப்பதுதான் கஷ்டம். எழுத்துகள் எறும்பு வரிசை மாதிரி போகின்றன. விரலை வைத்துப் பிடித்துக்கொண்டால்தான் நிற்கின்றன.

இருபது வருஷத்துக்கு முன்னால், உன் முதல் புத்தகத்தின் தாள்களை ஒரு கோப்பில் வைத்து எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். பன்னிரண்டு பிள்ளைகள். இது சரியான எண்ணிக்கை. விரலை வைத்து முதல் வரியைப் படித்தேன். இரண்டாம் வரிக்கு வருவதற்குள் ஒருவன் சிரித்தான். "தாத்தாவுக்குப் படிக்கத் தெரியல" என்றான். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயசு, தாத்தாவும் இல்லை. நாலு பேர் எழுந்து போனார்கள். உன் கதை அங்கேயே செத்துப்போய்விடும்போல இருந்தது. கோப்பை மூடினேன். "கிட்ட வாங்க எல்லாரும், அன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தேன். போன நாலு பேரும் திரும்பி வந்தார்கள். அதற்கப்புறம் கோப்பைத் திறந்ததே இல்லை. மடியில் வைத்திருப்பேன். நடுநடுவே பக்கம் புரட்டுவேன்.

புத்தகம் அச்சாகி வர ஒரு வருஷம் ஆகும், அதற்குள் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இவள் மறக்கவில்லை.

ஆனால் ஒன்று. உன் தாள்களைப் படிக்காமல் நான் ஒரு சனிக்கிழமையும் போனதில்லை. ஆறு நாள் படிப்பேன். சமையலறை மேஜையில், அத்தை மெஷின் பக்கத்தில், விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக. எந்த இடத்தில் திரும்பத் திரும்பப் படித்தாலும் தலையில் ஏறவில்லையோ அங்கே பென்சில் கோடு போடுவேன். எந்த இடத்தில் விரல் தானாக ஓடுகிறதோ அங்கே விட்டுவிடுவேன். கோடெல்லாம் என்னுடையது. பிள்ளைகளுடையது இல்லை. உன் மாமனுக்குப் புரியவில்லை என்று எழுத வெட்கமாக இருந்தது. அதனால் பிள்ளைகள் நெளிந்ததாக எழுதினேன்.

உன் வாக்கியத்தை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை என்று எழுதியிருந்தாயே, அந்தப் பெண்ணின் கடிதத்தில் கடைசி வரியை நீ சரியாகப் பார்த்தாயா? மழை அத்தியாயம் வேண்டும் என்பதற்காகப் புத்தகத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறாள். அதை நான் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், சொல்ல வரவில்லை. என்ன ஜோடித்தும் நீ எழுதின மாதிரி வரவில்லை.

மன்னிப்பு எல்லாம் கேட்க எனக்குத் தெரியாது. கேட்டதாக வைத்துக்கொள்.

மாமா

மார்ச் 5

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் கோபமாகவே இருந்தேன். மூன்றாம் நாள் பரண் மேல் இருந்து பழைய கட்டுகளை இறக்கினேன். தும்மிக்கொண்டே பத்துப் புத்தகத்தின் கோடுகளையும் பார்த்தேன்.

முதல் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் பதினேழு கோடு இருக்கிறது. கோட்டையின் வாசலைப் பற்றி நான் படித்ததை எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் கொட்டி வைத்திருக்கிறேன். எனக்கு எவ்வளவு தெரியும் பாருங்கள் என்று காட்டிக்கொண்டிருக்கிறேன், வேறொன்றுமில்லை. ஐந்தாவது புத்தகத்தில் ஒரு அரசியின் மனநிலையை விளக்கும் பத்தி. உங்கள் பென்சில் அங்கே தாளையே கிழித்திருக்கிறது. எங்கெல்லாம் நான் மெத்தப் படித்தவர்களுக்காக எழுதினேனோ, அங்கெல்லாம் கோடு. எங்கே அடுப்பும் சேறும் ஈரத்துணியும் இருக்கிறதோ, அங்கே ஒன்றுமில்லை. ஒரு கோடுகூட நான் இன்று மாற்ற மாட்டேன்.

ஆக, இருபது வருஷமாக யாருக்கு எழுதினேன் என்று கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. மேஜையில் விரலை வைத்துப் படிக்கும் ஒருவருக்கு. பதிப்பாசிரியரிடம் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். அவர் உங்களுக்கு ஒரு அறை ஒதுக்கிவிடுவார்.

கோபம் முழுதாகப் போகவில்லை. கழுதை விஷயத்தில் இன்னும் இருக்கிறது.

இப்போது பெரியகரண்டி. நீங்கள் கேட்டதற்கு நான் இதுவரை காரணம் சொல்லவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் பாலத்தின் வேலைப் பதிவேட்டை ஆவணக் காப்பகத்தில் பார்த்தேன். என்ஜினீயர்களின் பெயர் இருக்கிறது. அவர்களுடைய குதிரைகளின் பெயர்கூட இருக்கிறது. வேலையாட்களில் இறந்தவர்களை மட்டும் குறித்திருக்கிறார்கள், அதுவும் தொழிலை வைத்து. வெள்ளம் வந்த தேதிக்கு எதிரே இரண்டே சொல். "சமையல்காரி, ஒருத்தி." அவ்வளவுதான் மாமா. அந்த இரண்டு சொல்லில் இருந்துதான் ஐந்து புத்தகமும் வந்தது. அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது நான், கரண்டி கொடுத்தது நான். அவள் அன்று செத்தாள் என்பது மட்டும்தான் நான் வைக்காதது. அவளைப் படகில் ஏற்றிவிட்டால், அவள் இருந்தாள் என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே தடயத்தையும் நானே அழித்த மாதிரி.

ஆனால் பிள்ளைகளால் அதைத் தாங்க முடியாது என்றால் என்ன செய்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. பதிப்பாசிரியர் "உங்கள் விருப்பம்" என்கிறார். என் விருப்பத்தை நம்பும் நிலையில் நான் இல்லை. நானே வந்து படிக்கலாம். ஆனால் எழுதியவள் வந்திருக்கிறாள் என்றால் கையைக் கட்டிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கு மிஸ்" என்பார்கள்.

அதனால் கேட்கிறேன். பதினொன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். கோப்பைத் திறந்து, விரலை வைத்து, எழுதியிருப்பதை எழுதியிருப்பதுபோலவே படித்துக் காட்டுவீர்களா? கழுதை வேண்டாம். படகு வேண்டாம். அவர்கள் பாதியில் எழுந்து போனால் அதை அப்படியே எழுதுங்கள். மாற்றி எழுதி ஒரு வழி பண்ணிவிடுகிறேன். உட்கார்ந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

சின்ன விஷயத்தைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். முடியாது என்றால் அத்தை சீட்டில் "முடியாது" என்று ஒரு சொல் போதும். நான் வருத்தப்பட மாட்டேன்.

அன்புடன்,
மருமகள்

மார்ச் 23

அன்பு மருமகளே,

பதினாலாம் தேதி பாதி, இருபத்தொன்றாம் தேதி பாதி, படித்து முடித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லியிருக்கிறாய். முயற்சி பண்ணுகிறேன், பழக்கமில்லை.

முதல் வாரம் முழுக்க வீட்டில் சத்தமாகப் படித்துப் பழகினேன். அத்தை தைத்துக்கொண்டே கேட்டாள். "அங்க நிறுத்தாதீங்க, புள்ளி இல்ல" என்பாள். மூன்றாம் நாள் வெள்ளம் வருகிற இடத்தில் அவள் மெஷின் சத்தம் நின்றுபோனது. பார்த்தால், யாருடைய சட்டைக் கையையோ கழுத்தில் வைத்துத் தைத்திருக்கிறாள். "இது உங்க மருமக பண்ணின வேலை" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள்.

சனிக்கிழமை வந்தது. இருபத்து மூன்று பிள்ளைகள். நூலகர் அம்மாவையும் எண்ணச் சொன்னேன், அதே கணக்குதான். உட்கார்ந்து கோப்பைத் திறந்தேன். தாள்களை இரண்டு முறை தட்டி அடுக்கினேன். வெள்ளத்தில் வண்டியைப் பின்னால் எடுத்தபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை. அந்த வெள்ளம் கணுக்கால் அளவுதான், அதுவும் உண்மை.

"இன்னிக்கு நான் கதை சொல்லப்போறதில்ல, படிக்கப்போறேன். மெதுவாத்தான் படிப்பேன். எனக்கு வேகமாப் படிக்க வராது. அவசரம் இருக்கிறவங்க போகலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றேன்.

மூன்று பேர் போனார்கள். ஒருவன் செருப்பை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்து, ஒரு காலில் மாட்டிக்கொண்டு நின்றவன், அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

விரலை வைத்தேன். முதல் பக்கம் முடிக்கக் கால் மணி நேரம். "நீர்மட்டம்" என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். "நீர்... நீர்..." என்று நான் தவித்தபோது, யாராவது சிரிப்பார்கள் என்று காது சுட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஏழெட்டுக் குரல் சேர்ந்து "மட்டம்!" என்றது. என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று என் விரலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதற்கப்புறம் பயம் போய்விட்டது. நான் தள்ளாட, அவர்கள் தள்ள, கிளப்ப முடியாத வண்டியை ஊரே சேர்ந்து தள்ளுகிற மாதிரி போனது. பெரியகரண்டி கரண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிற இடத்தில் நூலகம் மூடும் மணி அடித்துவிட்டது. "அய்யோ தாத்தா!" என்று ஒரு சத்தம். பேருந்துக் காலத்துக்கு அப்புறம் இந்தச் சத்தத்தை இப்போதுதான் கேட்கிறேன்.

நேற்று முன்தினம் மீதி. பத்தொன்பது பேர் வந்தார்கள். உனக்குக் கடிதம் எழுதிய பேச்சுப் போட்டிக்காரி முன் வரிசையில், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, என்னைச் சரிபார்க்க வந்திருந்தாள்.

ஆற்றின் இரைச்சலில் எச்சரிக்கை மணி கேட்காமல் சாரத்தின் மேல் மூன்று கொத்தனார்கள். பெரியகரண்டி ஏறுகிறாள். பானையைக் கரண்டியால் அடி அடி என்று அடிக்கிறாள். மூன்று பேரும் திரும்பிப் பார்த்து இறங்குகிறார்கள். நாலாவதாக அவள் இறங்க வேண்டும். பலகை போகிறது. நீ அதற்கு ஒரே வரிதான் எழுதியிருக்கிறாய். பானைச் சத்தம் நின்றது என்று மட்டும். அந்த வரி வந்தபோது ஒரு படகைக் கூப்பிட என் நாக்கு துடித்தது. கடவுள் சத்தியமாகச் சொல்கிறேன், படகோட்டிக்கு மீசைகூட வைத்துவிட்டேன். ஆனால் விரல் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டது. அங்கே படகு இல்லை.

கடைசியில் பதிவேட்டு வரி. "சமையல்காரி, ஒருத்தி." யாரும் எனக்கு எடுத்துக் கொடுக்கவில்லை. நானாகவே படித்தேன்.

இரண்டு மூன்று பேர் அழுதார்கள். எழுபது பேர் இல்லை, இரண்டு மூன்று பேர். ஒருவரும் எழுந்து போகவில்லை. செருப்புக்காரன் கேட்டான், "தாத்தா, அவங்க நிஜப் பேரு என்ன?"

மருமகளே, என் வாயில் மூன்று பெயர் தயாராக இருந்தது. மூன்றும் அருமையான பெயர். அவள் எந்தத் தெருவில் பிறந்தாள், யார் அவளுக்குப் பெயர் வைத்தார்கள் என்றுகூட வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். "தெரியாதுப்பா. யாரும் எழுதி வைக்கல" என்றேன்.

அதற்கு அந்தப் பேச்சுப் போட்டிக்காரி, "அதான் இவங்க எழுதினாங்களா?" என்றாள். உன்னைத்தான் சொன்னாள்.

"ஆமா" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. பெரியகரண்டி சாகட்டும். ஒரு சொல்லும் மாற்றாதே. கோடு ஒன்று போட்டிருக்கிறேன், மூன்றாம் பக்கத்தில். பாலத்தின் தூணைப் பற்றி எதற்கு அவ்வளவு?

இப்போது பிரச்சினை வேறு. அவள் போன பிறகு அந்தத் தண்ணீர்க்காரப் பெண் என்ன செய்தாள்? பிள்ளைகள் கேட்டார்கள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்துவிட்டேன். நேற்று முழுக்க எனக்கு அதே நினைப்பு. அத்தையிடம் நானாக ஒன்று ஜோடித்துச் சொல்லிப் பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது. ராத்திரிச் சாப்பாடு வரை அவளும் "ம்" கொட்டினாள். ஆனால் அந்தத் தண்ணீர்க்காரப் பெண் அப்படிச் செய்திருக்க மாட்டாள் என்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பன்னிரண்டாம் அத்தியாயத்தை உடனே அனுப்பு. சனிக்கிழமைக்கு இல்லை. நான் படிக்க வேண்டும்.

உன் மாமா